எந்தக் கம்பெனி என்பதற்கு முன், எந்தக் கடை?

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் பல ஆயிரம் மரங்கள் சாய்ந்தன. பூங்காவையே வாரக்கணக்கில் மூடிவைக்க வேண்டியிருந்தது. தெற்குப் புறநகரில் மரம் விழாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோடாரிக்கு அரை நாள் பிடிக்கும் அடிமரத்தைச் சில நிமிஷங்களில் துண்டு போடும் செயின்சாவை, மரம் அறுக்கும் மிஷினை, நகரவாசிகள் பலர் பக்கத்தில் நின்று பார்த்தது அந்த வாரத்தில்தான். இரண்டு வருஷம் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, மிஷின் வைத்திருப்பவர்களைத் தேடி விவசாயிகள் ஊர் ஊராக அலைந்தார்கள்.

அதன் பிறகு இது வனத்துறைக்கும் மரக்கடைக்கும் மட்டுமான சாமான் அல்ல என்றாகிவிட்டது. மேடவாக்கம் மெயின் ரோடும் 200 அடி ரேடியல் சாலையும் சந்திக்கும் கோவிலம்பாக்கம் போன்ற இடங்களில் மனை எழும்பும் வேகத்துக்கு வேம்பும் பனையும் வழிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. கூலிக்கு மரம் வெட்டுபவர், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், செங்கல்பட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர் என வாங்குகிறவர்கள் பலவகை. எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எந்தக் கம்பெனி மிஷின் நல்லது?”

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் இரண்டு பெயர்கள். ஆரஞ்சும் வெள்ளையுமாக இருக்கும் ஸ்டில், 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய நிறுவனம். ஹஸ்க்வர்னா அதைவிட மூத்தது. 1689-ல் ஸ்வீடனில் துப்பாக்கித் தொழிற்சாலையாகப் பிறந்து, 1959-ல்தான் முதல் செயின்சாவை விற்றது. இவற்றுக்கு எதிர்முனையில், 5200, 5800 என்ற எண்களோடு பல பெயர்களில் வரும் சீனத் தயாரிப்புகள். 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), 52 அல்லது 58 சிசி என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆன்லைனில் ஐந்தாறாயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். பெரிய கம்பெனியின் சின்ன மிஷினுக்கே அதைப்போல மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

விலை குறைந்தது சீக்கிரம் கெடும் என்பது பாதி உண்மைதான். செயின்சா கெடுவதற்குக் கம்பெனியைவிடப் பெரிய காரணங்கள் பெட்ரோல் கேனிலும் அரத்திலும் இருக்கின்றன. இது டூ-ஸ்ட்ரோக் என்ஜின். எண்ணெய் தனியாக ஓடாது, பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போக வேண்டும். ஸ்டில் தன் சொந்த ஆயிலுக்குச் சொல்லும் கணக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சீன மிஷின்களின் கையேடு பெரும்பாலும் 25-க்கு 1 என்கிறது, லிட்டருக்கு 40 மில்லி. ஒரு மிஷினுக்குக் கலந்த கேனை இன்னொன்றுக்கு ஊற்றினால், ஒன்றில் பிளக் கரி பிடிக்கும். மற்றதில் பிஸ்டன் உராய்ந்து இறுகும். இரண்டாவது நேர்ந்தால் செலவு பாதி மிஷின் விலைக்கு வந்துவிடும்.

அடுத்தது செயின். ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர்தான் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் ராவி இந்தக் குமிழை விட்டுவிட்டால், தீட்டிய செயினும் மரத்தில் வழுக்கும். குமிழை அளவுக்கு மேல் ராவினால் மிஷின் உதறி எகிறும். பல்லுக்கேற்ற வட்ட அரமும் வேறு வேறு: சின்னச் செயினுக்கு 4 மில்லிமீட்டர், .325 அங்குலச் செயினுக்கு 4.8. அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாகக் கொட்டினால் கூர் போய்விட்டது. மண் படிந்த வேரடியையும் நார் இறுகிய தென்னையையும் அறுப்பவர்கள் இந்த மாவை அடிக்கடி பார்ப்பார்கள். செயின் ஆயில் டேங்கில் வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றும் பழக்கம் இன்னொரு கேடு. அதிலுள்ள இரும்புத் துகள் ஆயில் பம்பைத் தின்னும், பார் காய்ந்து நீலம் பாயும்.

இதையெல்லாம் கையேடு சொல்லும். செய்து காட்டுவது டீலர்தான். அமெரிக்காவில் ஸ்டில் பல ஆண்டுகளாகப் பெரிய சங்கிலிக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்காமல், சர்வீஸ் செய்யும் டீலர்கள் வழியாகவே விற்றுவந்ததன் காரணமும் இதுவே. நம் ஊரில் விற்கிற கடை வேறு, சர்வீஸ் பார்க்கிற கடை வேறு என்று இருப்பது சகஜம். ஆகவே, வாங்குமுன் கடையில் கேட்க வேண்டியவை: இந்த மாடலுக்கு ஸ்டார்ட்டர் கயிறு அசெம்பிளி, கிளட்ச் டிரம், கார்புரேட்டர் கிட், ஆயில் பம்ப் இப்போது கையிருப்பில் உண்டா? மெக்கானிக் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாரா, மிஷினை வேறு ஊருக்கு அனுப்புவார்களா? ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்? “பார்த்துக்கலாம் சார்” என்ற பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

பெயருக்கு இருக்கும் மதிப்பும் நிரந்தரம் அல்ல என்பதற்கு டோல்மார் சாட்சி. பெட்ரோல் செயின்சாவின் முன்னோடிகளில் ஒன்றான அந்த ஜெர்மன் நிறுவனத்தை 1991-ல் ஜப்பானின் மகிட்டா வாங்கியது. பேட்டரிக் கருவிகளின் பக்கம் திரும்பிய மகிட்டா, 2022-ல் பெட்ரோல் என்ஜின் கருவிகள் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டது. இன்று பழைய டோல்மார் நல்ல விலைக்குக் கிடைத்தாலும், பாகம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்த பிறகே கை வைக்க வேண்டும். சீன மிஷின்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. பெயர் வேறானாலும் உள்ளே ஒரே வார்ப்பு என்பதால், பெரும்பாலான பாகங்கள் பாரிமுனைப் பக்கக் கடைகளில் எண் சொன்னாலே கிடைத்துவிடும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. பொருத்தத்தில் சிறு வித்தியாசங்கள் வரும்.

அளவைப் பொறுத்தவரை பெரிதாக வாங்குவதுதான் பரவலான தவறு. குடியிருப்பு வளாகத்தில் முருங்கை, வேப்பங்கிளை கழிக்க 30 சிசி போதும். ஸ்டில் எம்எஸ் 170 அந்த ரகம். வாரம் சில நாள் வேலை, ஓரடி விட்டமுள்ள மரம் என்றால் 45 சிசி எம்எஸ் 250 போன்றது. தினமும் தூங்குமூஞ்சி அடிமரத்தோடு மல்லுக்கட்டுபவருக்கே 70 சிசி தேவை. நீளமான பாரைச் சின்ன என்ஜினில் மாட்டினால் செயின் திணறும். பாரின் முனையில் மேல்பக்கக் கால்பகுதி மரத்தில் பட்டால் மிஷின் ஆள்மீது திரும்பி எகிறும். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள செயின் பிரேக் அப்போதுதான் உயிர் காக்கும். ஓட்டிக் காட்டச் சொல்லும்போது பிரேக்கைத் தட்டி, செயின் அங்கேயே நிற்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தலைவலி எத்தனால். பெட்ரோல் பங்க்குகளில் அது 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. உலகெங்கும் பல செயின்சா கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர் சவ்வு விறைக்கும், குழாய் ஊறும். வாங்கும் மாடல் எவ்வளவு எத்தனால் தாங்கும் என்று டீலரிடம் கேட்பதோடு, வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு வைப்பதே கைகண்ட வழி.

கடைசியாக, பில். மாடலும் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே கருவி வாங்குபவரையும் நுகர்வோராகவே கருதுகிறது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், கோவிலம்பாக்கத்துக்காரர் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. அதற்கு முன்னால் முறையிட, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.