தொட்டியில் ஒரு பொற்கனி மரம்

சீனப் புத்தாண்டு நெருங்கும் நாட்களில் ஹாங்காங் நகரின் மலர்ச் சந்தைகளுக்குச் செல்வோர் ஓர் அழகிய காட்சியைக் காண்பர். வரிசை வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிறு மரம். இலைகள் மிகுதியா கனிகள் மிகுதியா என்று ஐயுறுமாறு செறிந்து தொங்கும் பொன்னிறப் பழங்கள். இதுவே கும்குவாட் மரம். கான்டன் வட்டாரச் சீன மொழியில் இப்பெயருக்குப் 'பொன் கிச்சிலி' என்பது பொருள். பேச்சு வழக்கில் இதன் பெயர் 'நல்வாய்ப்பு' என்னும் சொல்லைப் போல ஒலிப்பதால், புத்தாண்டில் இதனை வீட்டு வாயிலில் வைப்பது மங்கலம் என்று அம்மக்கள் கருதுகின்றனர்.

ஆனால், விழா முடிந்த சில வாரங்களில் அம்மரங்களுள் பல குப்பையில் கிடக்கின்றன. பல ஆண்டுகள் வாழவல்ல மரம் ஏன் இவ்வளவு விரைவில் வாடுகிறது? அதனை வீட்டில் காப்பாற்ற இயலாதா? இதனையே இன்று ஆராய்வோம்.

முதலில் மரத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். கும்குவாட் எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் உறவு. மலேசியச் சமையலறைகளில் பழகிய லிமாவ் கஸ்தூரியும் இதன் வழிவந்த கலப்பினமே. 12ஆம் நூற்றாண்டுச் சீன நூல்களிலேயே இம்மரம் பேசப்படுகிறது. 1846இல் இதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர் ராபர்ட் ஃபார்ச்சூன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1915இல் அமெரிக்கத் தாவர நூலறிஞர் ஸ்விங்கிள் இவ்வினத்தைத் தனிப் பேரினமாக்கி, அவர் நினைவாக 'ஃபார்ச்சுனெல்லா' என்று பெயரிட்டார். பின்வந்த அறிஞர் பலர் இதனை மீண்டும் எலுமிச்சைப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டனர். இதன் பழத்தைத் தோலுடன் உண்ணலாம். தோல் இனிக்கும், உள்ளிருக்கும் சதையோ புளிக்கும். குளிர்காலத்தில் மரம் ஆழ்ந்த ஓய்வு கொள்வதால், தன் இனத்து மற்ற மரங்களைவிடக் குளிரை நன்கு தாங்கும்.

வீட்டுக்கு வந்த மரத்தை முதலில் வெயிலில் வைக்க வேண்டும். கூடத்தின் மூலையில் அழகுக்காக வைத்த மரம் ஒளியின்றி இலைகளை உதிர்க்கும். நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் கதிரவன் ஒளி படும் மாடமோ முற்றமோ இதற்கு ஏற்ற இடம். விழாவுக்கென வளர்த்த மரம் அளவுக்கு மீறிக் காய்த்திருக்கும். ஆகவே, விழா முடிந்ததும் பழங்களைப் பறித்து அதன் சுமையைக் குறைக்க வேண்டும். அழகுக்காக விற்ற மரங்களில் பூச்சி மருந்து தெளித்திருக்கக்கூடும். அப்பழங்களை உண்ணாதிருப்பதே நலம்.

அடுத்தது நீர். பெரும்பாலான தொட்டி மரங்கள் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. தண்ணீர் மிகுந்தே சாகின்றன. வேர்களும் மூச்சுவிடுகின்றன. மண் துகள்களுக்கு இடையேயுள்ள காற்றே அவற்றுக்கு உயிர். இடைவிடாது ஊற்றிய நீர் அவ்விடைவெளிகளை நிரப்பிவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. அப்போது ஈரமண்ணிலேயே நின்றும் மரம் வாடும். அதைக் கண்டு இரங்கி மேலும் நீர் ஊற்றினால் அந்த அன்பே நஞ்சாகிறது. ஆதலால், விரலை ஓர் அங்குலம் மண்ணில் ஊன்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும்வரை நீர் ஊற்றுங்கள், ஈரமாயிருந்தால் காத்திருங்கள். தொட்டியின் கீழ்த்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வியப்பான செய்தி. கும்குவாட் தன் சொந்த வேரில் செழிப்பதில்லை. ஆகவே, சீனாவிலும் ஜப்பானிலும் முவ்விலைக் கிச்சிலி என்னும் முட்செடியின் வேரில் இதனை ஒட்டுக்கட்டி வளர்க்கின்றனர். சில வேளைகளில் ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு தளிர் விரைந்து கிளம்பும். மரம் செழிக்கிறது என்று நாம் மகிழ்வோம். ஆனால், அது வேர்ச்செடியின் தளிர். விட்டுவைத்தால் உணவையெல்லாம் தானே கவர்ந்து மேலுள்ள கும்குவாட்டை அழித்துவிடும். ஓரிலைக்குப் பதிலாக மும்மூன்று சிற்றிலைகள் தோன்றினால், அத்தளிரை உடனே கிள்ளி எறிய வேண்டும்.

தளிர்விடும் காலத்தில் மக்கிய தொழு உரம் இடலாம். நரம்புகள் பச்சையாயிருக்க இலை மட்டும் மஞ்சளானால், பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே காரணம். சுண்ணாம்பு மிகுந்த நீரும் இதனை விளைவிக்கும். பறவை எச்சம்போல் இலைமீது தோன்றுவது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். அதனைக் கையாலேயே எடுத்துவிடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மாற்றுதல் நன்று.

வியட்நாமில் மரம் வளர்ப்போர் சிலர், விழாவுக்கு அளித்த கும்குவாட்டைத் திரும்பப் பெற்று அடுத்த ஆண்டுக்கு ஆயத்தம் செய்கின்றனர். அவர்கள் அதற்கு வேண்டிய ஒளியையும் ஓய்வையும் தருகின்றனர். வேர் மூச்சுவிட வழி செய்கின்றனர். கோடையில் வெண்ணிறப் பூக்கள் மலர்கின்றன. குளிர்காலத்தில் மீண்டும் பொன்னிறக் கனிகள் குலுங்குகின்றன. மரத்திற்கு என்ன கொடுக்கலாம் என்று எண்ணுமுன், அதற்கு என்ன வேண்டும் என்று மண்ணைத் தொட்டுப் பார்ப்பவரே நல்ல தோட்டக்காரர்.