கிணற்றுக்கும் வைத்தியம் வேண்டும்!

"போன தடவை பெரியவனுக்கு, இப்ப சின்னவளுக்கு. ஒரே வருஷத்துல ரெண்டு மஞ்சள் காமாலை டாக்டர். கீழாநெல்லி கொடுங்க" என்று வந்தார் அந்த அம்மா. முதலில் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். பிறகு, "ஏம்மா, வீட்ல என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க கிணத்துத் தண்ணிதான். மாமனார் காலத்துக் கிணறு. இளநீர் மாதிரி இருக்கும்!"

இளநீர் மாதிரி இருப்பதுதான் சங்கடமே. காமாலைக் கிருமிக்கு ருசியும் இல்லை, வாடையும் இல்லை. தண்ணீரால் பரவும் காமாலை ஏ, இ என்று இரண்டு வகை. இதில் 'இ' கர்ப்பிணிகளின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. அந்த அம்மாவின் ஓர்ப்படிக்கு அப்போது ஆறாம் மாதம். அதனால்தான் மறுநாளே கிணற்றைப் பார்க்கக் கிளம்பினேன்.

ஐந்தடி அகல உறைக்கிணறு. மேல் உறைகளின் இணைப்பில் சிமென்ட் உதிர்ந்து அரசங்கன்று முளைத்திருந்தது. துவைக்கிற கல் கிணற்றை ஒட்டியே. இருபதடி தள்ளி புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க்! கிணற்றுக்கும் அதற்கும் குறைந்தது 50 அடியாவது வேண்டும்.

"மூடிட்டு போர் போட்டுடலாமா சார்?" என்றார் வீட்டுக்காரர். செப்டிக் டேங்க் அங்கேயே கசிந்துகொண்டிருந்தால் பக்கத்தில் போடுகிற போர் மட்டும் தப்பும் என்று என்ன நிச்சயம்? முதலில் டேங்க்கை இடம் மாற்றச் சொன்னேன். சிலர் பழைய கிணற்றையே செப்டிக் டேங்க் ஆக்கிவிடுகிறார்கள். தெருவுக்கே விஷம் வைக்கிற வேலை அது.

உங்கள் வீட்டுக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மேலிருந்து 20 அடி வரை உறை இடுக்கில் கசிவு கூடாது. கைப்பிடிச் சுவர் இரண்டரை அடி, சுற்றிலும் மூன்றடிக்கு வெளிப்பக்கம் சரிந்த சிமென்ட் தளம், தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். கொத்தனாருக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

தூர் வாருவதுதான் பயமான கட்டம். நாள்பட்ட கிணற்றின் அடியில் பிராணவாயு இல்லாமல் போகும், விஷவாயு தேங்கும். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கவே கூடாது. ஆனால் எரிந்தாலும் விஷவாயு இல்லை என்று அர்த்தமில்லை. டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். காற்றுப் பரிசோதனைக் கருவியும் இடுப்புக் கயிறும் உள்ள அனுபவஸ்தர்களை மட்டும் கூப்பிடுங்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் பதறி அடுத்தவர் குதிக்க வேண்டாம். பல வீடுகளில் இரண்டாவது உயிர் போவது இப்படித்தான். 101-க்குப் போன் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் மருந்து. அகலத்தை அகலத்தாலேயே பெருக்கி, அதை நீரின் ஆழத்தால் பெருக்கி (எல்லாம் அடிக்கணக்கில்), பிறகு 22-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை லிட்டர் என்று வரும். ஐந்தடிக் கிணற்றில் பத்தடி நீர் என்றால் 5,500 லிட்டர். ரிப்பேருக்குப் பின் முதல்முறை இதற்கு 850 கிராம் புது பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு நாள் விட்டு முழுக்க இறைத்துவிடுங்கள். அதன் பிறகு வழக்கமாகப் போடுவதற்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம்தான் கணக்கு. போட்டு ஒரு மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும்.

"சித்த வைத்தியர் பிளீச்சிங் பவுடர் சொல்றாரே!" என்று சிரிக்கிறீர்களா? தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்தால் கலங்கல் அடியில் படியும். நானே உபயோகிக்கிறேன். ஆனால் தெளிந்த நீரெல்லாம் கிருமியற்ற நீர் ஆகிவிடாது. நெல்லிக்கட்டை போட்டால் நீர் இனிக்கும் என்பார்கள். இனிக்கட்டும், கிருமியை அதன் பொறுப்பில் விடாதீர்கள்.

கடைசியாக, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் நீரைக் கொடுத்துப் பாருங்கள். அந்த வீட்டிலும் கொடுத்தார்கள். ரிப்போர்ட் நல்லபடியாக வரும்வரை ஓர்ப்படிக்குக் கொதித்து ஆறிய நீர்தான்.

பிரசவம் சுகமாக நடந்தது. "தண்ணியில பழைய ருசி இல்லையே டாக்டர்" என்று அந்த அம்மாவுக்கு மட்டும் இன்னும் குறை.