சேர்வராயன் மலையும் சிதைந்த பல்லும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்கின்றவர்கள், காப்பித் தோட்டங்களின் குளிர்ந்த நிழலையும் பள்ளத்தாக்கில் தவழும் மூடுபனியையும் கண்டு மகிழ்கிறார்களே அன்றி, பாதையோரத்தில் வெட்டுண்டு நிற்கும் கரும்பாறையை ஒரு கணம் நின்று நோக்குவதில்லை. சார்னோகைட் என்பது அந்தப் பாறையின் பெயர். கல்கத்தா நகரின் ஸ்தாபகர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருப்பதும் இவ்வினத்துக் கல்லே என்பதனால், பூகர்ப்ப சாஸ்திரியாகிய தாமஸ் ஹாலண்டு 1893இல் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். சேர்வராயன் மலைத்தொகுதி பெரும்பாலும் இந்தக் கல்லாலேயே ஆனது. யுகயுகாந்தரமாக மழையும் வெயிலும் அதைக் கரைத்துத் தின்றதில் எஞ்சிய அலுமினியச் சத்து, மலையின் மேற்பரப்பில் பாக்சைட்டாகப் படிந்து கிடக்கிறது. அடிவாரத்திலோ, சேலத்தார் வெள்ளைக்கல் என்று வழங்கும் மேக்னசைட், மண்ணுக்குள் வெண்ணிற நரம்புகளாக ஓடுகிறது. முன்னது நெடுங்காலம் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று. பின்னது, இரும்பை உருக்கும் உலைகளுக்கு வேண்டிய செங்கல்லாயிற்று.

இவற்றுக்கும் பல் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்பது நியாயமே. சார்னோகைட்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், குவார்ட்ஸுக்கும் ஃபெல்ஸ்பாருக்கும் இடையே மிகச் சிறு மணிகளாக அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் தாது தென்படும். நம் பல்லின் மேற்போர்வையாகிய எனாமலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த தாதுதான். அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு இத்தாதுவே. எஞ்சியது நீரும் அற்ப அளவு புரதமும். அதற்கு அடியிலுள்ள டென்டினில் தாது எழுபது பங்குதான். அதனால் அது சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது. நோவை உணர்வதும் அதுவே.

தேகத்தில் எலும்பு முறிந்தால் கூடுகிறது, தோல் கிழிந்தால் மூடிக்கொள்கிறது. எனாமலுக்கு மாத்திரம் இந்தப் பாக்கியம் இல்லை. அதை உண்டாக்கும் ஜீவ அணுக்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே தம் காரியம் முடிந்ததென்று அழிந்து போகின்றன. டென்டினுக்கு உள்ளிருந்து ஓரளவு புதுப் பூச்சுப் பெறும் வழியுண்டு. எனாமலில் குழி விழுந்தாலோ விழுந்ததுதான். ஆகவே பல்லைச் சீர்செய்வது என்பது, மற்ற அவயவங்களுக்குச் செய்யும் சிகிச்சையைப் போல இயற்கைக்குக் கைகொடுத்துவிட்டுக் காத்திருக்கும் காரியமன்று. ஒரு தாதுவின்மேல் இன்னொரு தாதுவைப் பிடிக்கும்படி ஒட்டவைக்கும் காரியம். அந்த ஒட்டு எவ்வளவு திறமாயிற்றோ, அவ்வளவுக்குப் பல்லை வெட்டுவது குறைந்தது. இந்த வைத்தியத்தின் நூறாண்டுச் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

பல் கெடும் வழிகள் பல. சர்க்கரையை உண்டு அமிலத்தைக் கக்கும் கிருமிகளால் வரும் சொத்தையே எங்கும் பெருவழக்கு. வாயின் அமிலநிலை 5.5 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது என்ற அளவில் அதை இங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஏற்காட்டுக் காப்பியின்மேல் சிலர் பழி சுமத்துவதுண்டு. கலெக்டர் காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பானம், பல்லின் மேற்புறத்தில் கறையைப் படியவைக்குமே அன்றிப் பல்லைக் குடையாது. குடைவது அதில் கரைத்துக் குடிக்கும் சர்க்கரை. துலக்கினால் போகும் கறை வேறு, துலக்கிப் போகாத கறை வேறு. இரண்டாவது வகைக்கு இந்த வட்டாரம் அதிகம் பெயர்பெற்றது.

1965இல் பழைய சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி தனியாகப் பிரிந்தது. பின்னர் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இந்தப் பகுதிகளின் பல ஊர்களில், ஆழ்துளைக் கிணற்று நீரையே பிறந்ததுமுதல் குடித்து வளர்ந்தவர்களின் முன்பற்களில் சுண்ணாம்பு வெண்மையான கீற்றுகளையும், மஞ்சளும் பழுப்புமான பட்டைகளையும், மிகுந்துபோன இடத்தில் சிறு குழிகளையும் காணலாம். அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு முதலிய தாதுக்களிலிருந்து நீர் மெல்ல மெல்லக் கரைத்தெடுக்கும் ஃபுளோரைடே இதற்குக் காரணம். நீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் ஃபுளோரைடு அதனோடு கூடிக் கல்லாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்த, காரத்தன்மை மிகுந்த நீரில் அது படியாமல் குடத்துக்கும் குவளைக்கும் வந்து சேர்கிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. குழந்தைக்கு ஏறக்குறைய எட்டு வயது ஆகும்வரை, எலும்புக்குள் ஒளிந்திருந்து எனாமல் உருவாகும் காலத்தில்தான் இந்தச் சேதம் நேர்கிறது. வளர்ந்தபின் அவ்வூருக்குக் குடிவந்தவர் பல்லில் அது தோன்றாது.

நம் தேசத்தில் ஃபுளோரைடால் விளையும் நோயை முதன்முதலாக விஸ்தாரமாக எழுதியவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்னும் மூவர். அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் எலும்பே இறுகி முதுகு வளையாமற்போனவர்களைக் கண்டு 1937இல் அதைப் பிரசுரித்தார்கள். அதற்கு ஆறாண்டு முன்னர் அமெரிக்காவில் நடந்த கதை இன்னும் ரசமானது. 1901இல் கொலராடோ மாகாணத்து ஊர் ஒன்றுக்குத் தொழில் செய்யப்போன பிரெடரிக் மெக்கே என்னும் பல் வைத்தியர், அவ்வூரார் பற்களிலிருந்த பழுப்புக் கறையைக் கண்டு திகைத்து, முப்பது வருஷகாலம் அதன் காரணத்தைத் தேடி அலைந்தார். கடைசியில் விடை கிடைத்த இடம் ஆர்க்கன்சாஸ் மாகாணத்தில், அலுமினியத் தாது வெட்டும் ஒரு கம்பெனிக் குடியிருப்பு. அந்த ஊருக்குப் பெயரே பாக்சைட். அலுமினியப் பாத்திரம் விஷம் என்று அப்போது உலவிய வதந்தி தம் கம்பெனியின்மேல் விழுந்துவிடுமோ என்று அஞ்சிய அதன் தலைமை ரசாயனி சர்ச்சில், 1931இல் அவ்வூர்க் கிணற்று நீரைப் பரிசோதித்ததில், பத்து லட்சத்தில் 13.7 பங்கு ஃபுளோரைடு இருப்பதைக் கண்டார். கம்பெனி தப்பித்தது, வைத்திய உலகத்துக்கு உண்மையும் கிடைத்தது. கறைபடிந்த அந்தப் பற்களில் சொத்தை அரிதாக இருப்பதை மெக்கே முன்னரே கவனித்திருந்தார். அபடைட்டில் ஃபுளோரைடு புகுந்தால், 5.5இல் கரைய வேண்டியது 4.5 வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே கொஞ்சம் இருந்தால் காக்கும் வஸ்து, மிகுந்தால் கெடுக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் 2013இல் நிறைவேறியது. அதனால் பயனடைவது இனி முளைக்கும் பற்கள். முளைத்துவிட்ட பற்களுக்கு வைத்தியரைத்தான் நாடவேண்டும்.

பழைய முறை என்ன? வெள்ளியும் தகரமும் செம்பும் கலந்த பொடியைப் பாதரசத்தில் குழைத்து அடைப்பது. மெக்கேயோடு சேர்ந்து கொலராடோக் கறையை ஆராய்ந்த ஜி. வி. பிளாக் என்பவரே, 1890களில் அந்தக் கலவைக்குத் திட்டமான விகிதம் வகுத்தவர். அது உறுதியானது, மலிவானது, கைத்தவறுகளையும் பொறுத்துக்கொள்வது. ஆனால் பல்லில் ஒட்டாது. ஒட்டாத பொருள் விழாமல் நிற்கவேண்டுமானால், வாய் குறுகி அடி அகன்ற குழியாக, நோயற்ற பகுதியையும் சேர்த்துக் குடைந்தாக வேண்டும். இனிச் சொத்தை வரக்கூடிய இடத்தையும் இப்போதே வெட்டிவிடுக என்பது அக்காலத்துச் சித்தாந்தமாகவும் இருந்தது. பாதரசத்தின் உபயோகத்தைக் குறைக்க 2013இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் இந்த அடைப்பு மெல்ல மறைந்து வருகிறது.

மாறுதல் வந்தது 1955இல். உலோகத்தில் வர்ணம் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைக் கேள்வியுற்ற மைக்கேல் புவோனகோர் என்னும் பல் வைத்தியர், அதையே எனாமலில் தடவிப் பார்த்தார். பழைய சுவருக்குப் புதுச் சாந்து பூசப்போகும் கொத்தனார், வழவழப்பான பரப்பைக் கொத்திவிட்டுத்தான் பூசுவார். அமிலம் எனாமலுக்குச் செய்வதும் அதுதான். இன்று நாற்காலியில் சாய்ந்திருப்பவர் காண்பது இது: ரப்பர் தாளால் பல்லைத் தனிப்படுத்தி, எச்சில் படாதபடி காத்து, நீலநிறக் குழம்பாக உள்ள 37 சதவீத அமிலத்தைச் சில விநாடி தடவி, நீர் பீய்ச்சிக் கழுவிக் காற்றால் உலர்த்தினால், பளபளத்த எனாமல் மங்கி வெளுக்கிறது. அமிலம் உண்டாக்கிய, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் பிசின் இறங்கி உறைந்து வேரூன்றிக்கொள்ள, அதன்மேல் குவார்ட்ஸ் அல்லது கண்ணாடித் தூள் கலந்த காம்போசிட் என்னும் பல்நிறப் பசையை இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்குகிறார்கள். மொத்தமாக அப்பினால் ஒளி அடிவரை எட்டாது. இறுகும்போது பசை சுருங்குவதால் ஓரத்தில் சந்தும் விழும். கடைசியில் கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி, சாயம் ஆழமாகப் பதியும் மேட்டைச் சீவுகிறார்கள். மயிரிழை உயர்ந்திருந்தாலும் நாக்கும் தாடையும் இரவெல்லாம் அதையே தேடிக்கொண்டிருக்கும். ஃபுளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. அப்படிப்பட்ட பல்லுக்கு இரட்டிப்பு நேரம் கொடுப்பது வழக்கம்.

ஃபுளோரைடுக் கறை லேசாக இருந்தால் இவ்வளவும் வேண்டியதில்லை. மேற்பரப்பில் மெல்லிய படலத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தேய்க்கும் தூளும் கொண்டு நீக்கிவிடலாம். இன்னொரு முறையில் உள்ள பௌதிக விநோதம் எனக்கு மிகவும் பிடித்தது. வெண்புள்ளி வெண்மையாகத் தோன்றுவது சாயத்தினாலன்று. எனாமலுக்குள் நுண்துளைகள் இருப்பதனால். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, துளைக்குள் இருக்கும் நீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வித்தியாசமே ஒளியைச் சிதறடிக்கிறது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி வெகுநேரம் இருந்தால் பல் உலர்ந்து புள்ளி இன்னும் வெளுப்பதை நோயாளியே கண்ணாடியில் காணலாம். அத்துளைகளில் 1.5க்கு அருகே விலகல் எண் கொண்ட மெல்லிய பிசினை ஊறவிட்டால், குடைகருவி தொடாமலே பெரும்பாலும் புள்ளி மறைந்துவிடுகிறது.

ஏற்காட்டைச் சுற்றி நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை முதலான மலைக்கிராமங்களில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்கு, ரப்பர் தாளும் நீல விளக்கும் வைத்த நாற்காலி வேண்டுமானால் சேலத்துக்குத்தான் பயணம். ஒருநாள் கூலியை விட்டு இறங்கி, மறுபடி மறுபடி போய்வரும் வசதியில்லாதவர், நோவு தாங்காமல் பல்லைப் பிடுங்கிக்கொள்வதே சுலபம் என்று முடிவு செய்வதில் வியப்பில்லை. இத்தகைய இடங்களுக்கென்றே உகந்தது கண்ணாடிச் சிமெண்டு. லண்டன் அரசாங்க ரசாயனக் கூடத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கெண்டும் ஆக்கி, 1972இல் வெளியிட்ட கிளாஸ் அயனோமர் என்னும் இது, அலுமினா, சிலிக்கா, ஃபுளோரைடு இவற்றை உருக்கிய கண்ணாடித் தூளை ஒரு கரிம அமிலத்தோடு குழைப்பதால் உண்டாவது. அலுமினா பாக்சைட்டிலிருந்து வருவது; சேர்வராயன் பாக்சைட்டே லண்டனுக்குப் போயிற்று என்று நான் சொல்லவில்லை, தாது ஒன்று என்றே சொல்கிறேன். காம்போசிட்டைவிட இது பலம் குறைந்தது, ஆயினும் பல்லின் கால்சியத்தோடு ரசாயனப் பிணைப்புக் கொண்டு தானே ஒட்டுகிறது. சிறிது சிறிதாக ஃபுளோரைடையும் கசிய விடுகிறது. 1980களில் தான்சானியாவில் பழகி, 1994இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆதரித்த ஒரு முறையில், மின்சாரமும் சுழலும் கருவியும் இல்லாமல், கைக்கருவியால் மெத்தென்றாகிவிட்ட சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, இந்தச் சிமெண்டை விரலால் அழுத்தி அடைக்கிறார்கள். பெரும்பாலும் ஊசியும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு பெஞ்சு போதும். மலைக்கு வரும் பல் முகாம்கள் பரிசோதித்துச் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு இறங்குவதைக் காட்டிலும், இதைச் செய்துவிட்டு இறங்குவது மேல்.

பெரிதும் உடைந்த பல்லுக்கும், வேர்சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கும் கேப் என்னும் உறை போடுகிறார்கள். முற்காலத்தில் உலோகம், உலோகத்தின்மேல் பீங்கான், இப்போது ஜிர்கோனியா. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் ஜிர்கான் என்னும் தாதுவே இதற்கு மூலம். ஒரு விரிசல் ஓடத் தொடங்கினால், அதன் முனையிலுள்ள ஸ்படிகங்கள் உருமாறிப் பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்திவிடும் என்பது ஜிர்கோனியாவின் விசேஷம். பீங்கானில் இப்படியொரு குணம் இருக்கக்கூடும் என்று 1975வரை எவரும் எதிர்பார்க்கவில்லை. உலோக உறைகளைப் பல்லில் பொருத்த இன்றும் வழங்கும் பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமெண்டின் பொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா.

உறையின் அழகுக்கும் ஒரு விலை உண்டு. முழு உறை பொருந்துவதற்காக, ஈறுக்கு மேலுள்ள பல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அரைத்துவிட நேர்கிறது என்று 2002இல் வெளியான ஓர் அளவீடு காட்டியது. கறை மறையவேண்டும் என்பதற்காக மட்டும் இருபது வயதுப் பெண்ணின் நோயற்ற முன்பற்களை அரைப்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. அடைத்த அடைப்பும் சாசுவதமன்று. ஒவ்வொரு முறை பெயர்த்துப் புதுப்பிக்கும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகிறது, ஐந்தாறு முறைக்குப் பின் அடைக்கப் பல் இராது. பழைய அடைப்பின் ஓரம் மட்டும் சிதைந்திருந்தால் அந்த ஓரத்தை மட்டும் சீர்செய்ய இப்போது வழியிருக்கிறது. முழுவதையும் எடுத்துவிடலாமா என்று வைத்தியர் கேட்கும்போது, நோயாளி இதைக் கேட்டுப் பார்க்கலாம்.