வேலியோரத்து வேசம்

அவிநாசி பக்கத்துச் சேவூரில் கறிவேப்பிலை இல்லாத புழக்கடை குறைவு. ரசத்துக்கு ஒரு கொத்து ஒடிக்கப் போனால் இலைமேல் குருவி எச்சம்போல ஏதோ ஒட்டியிருக்கும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்று நீளும், கூடவே நாற்றம். எச்சமில்லை, புழு. வளர வளரப் பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, கறிவேப்பிலை அழகி என்கிற கரிய பட்டாம்பூச்சியாகப் பறந்துவிடும்.

ஆணுக்கு ஒரே உடுப்பு: கறுப்பு, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கோ மூன்று சீலை. ஒன்று ஆணைப் போலவே. மற்ற இரண்டும் ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற வேறு இரு பட்டாம்பூச்சிகளின் அச்சு. அந்த இரண்டும் புழுவாக இருக்கும்போதே ஆடுதீண்டாப்பாளையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. ஒருமுறை கொத்திப் பட்ட பறவை அவற்றின் சிவப்பை மறக்காது. நஞ்சே இல்லாத நம் கறிவேப்பிலை அழகி, பறவையின் அந்த நினைப்பை நம்பித்தான் வெளியே நடமாடுகிறாள். எந்தச் சீலை என்பதை முடிவு செய்வது 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள்.

அசல் அக்கம்பக்கத்தில் இருந்தால்தானே வேசம் எடுபடும்? அசலுக்கு வேண்டிய ஆடுதீண்டாப்பாளையை நர்சரியில் யாரும் கேட்டு வாங்குவதில்லை. அது காட்டோரத்துக் களை, இட்டேரி வேலியடியில் படரும்.

இட்டேரி என்றால் இருபுறமும் உயிர்வேலி நிற்கும் வண்டித்தடம். முள்கிளுவைப் போத்தை வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் வேர்விட்டுவிடும். கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். ஆனால் பட்டை மெல்லிய தாளாக உரிந்த இடத்தில் உள்ளே பச்சை தெரியும். காய்ந்துபோனதென்று வெட்டிவிடாதீர்கள். கோவையும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் அதில் ஏறிக்கொள்ளும். கோவைப்பழம் தின்ற கொண்டைக்குருவி எச்சமிட்டு அடுத்த கொடியை நடும். அடியில் ஓணான், அரணை, கீரி.

சைட் போட்ட இடங்களில் இட்டேரி போய் காம்பவுண்டு சுவர் வந்தது, உள்ளே கொரியன் புல். குளங்களுக்குத் தண்ணீர் தரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பயன்பாட்டுக்கு வந்ததே 2024-இல்தான். நாமோ புல்லுக்குப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறோம்!

சுவரோரம் பத்துக் கிளுவைப் போத்து போதும். ஆடுதீண்டாப்பாளை முளைத்தால் ஒரு மூலையில் விட்டுவையுங்கள்; கைமருந்தென்று கசாயம் மட்டும் வைக்க வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கறிவேப்பிலைக்கு மருந்தடிக்காதீர்கள். நாலு இலை போனால் போகட்டும், ரசம் தாங்கும்.