பினாங்கின் தெருவோர உணவும் வழிப்போக்கரும்

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை ஆராயப் புகுவோர் அதன் இலக்கியம், கோயில், கலை என்பவற்றை நோக்குமளவிற்கு அதன் அடுக்களையை நோக்குவதில்லை. தெருவோரத்து அடுப்போ பெரும்பாலும் ஆய்வாளரின் கண்ணிற் படுவதேயில்லை. எனினும், பல இன மக்கள் கூடி வாழும் துறைமுக நகரங்களிலே சமூக உறவுகளின் உண்மை நிலையை அறிவதற்குத் தெருவோர உணவு தெளிவானதொரு சான்றாகும். பினாங்குத் தீவினை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலாய்த் தீபகற்பத்தின் வடமேற்குக் கரையை அடுத்துள்ள பினாங்கு, ஏறத்தாழ 293 சதுர கிலோமீற்றர் பரப்புடைய சிறு தீவு. இன்று அங்கு செல்லும் உல்லாசப் பயணிகளுட் பலர் அதன் தெருவோர உணவை நாடியே செல்கின்றனர். மலாயரும் சீனரும் இந்தியரும் அருகருகே வாழ்ந்தமையால் அவர்தம் உணவுகள் ஒன்றோடொன்று கலந்தன என்பது அப்பயணிகளுக்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். இவ்விளக்கம் பிழையன்று, ஆயின் போதியதுமன்று. பல இனத்தார் அருகருகே வாழ்ந்த இடங்களிலெல்லாம் இத்தகைய உணவு மரபு தோன்றிவிடவில்லை. வீட்டினுள் ஆக்கப்பட வேண்டிய உணவு தெருவுக்கு வந்தது ஏன் என்ற வினாவுக்கும் இதில் விடையில்லை.

அடுக்களையற்ற மாந்தர்

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைற் என்பார் கிழக்கிந்தியக் கம்பனியின் சார்பிற் பினாங்கைக் கைக்கொண்டு, அங்கு ஜோர்ஜ் ரவுண் நகருக்கு அடிகோலினார். 1826இல் அத்தீவு மலாக்கா, சிங்கப்பூர் என்பவற்றுடன் சேர்க்கப்பட்டு நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிற்று. தென்சீனக் கரையிலிருந்தும், சோழமண்டலக் கரையிலிருந்தும், சுமாத்திராவிலிருந்தும் மக்கள் அங்கு வந்து குவிந்தனர். அவ்வாறு வந்த தொழிலாளருட் பெரும்பாலோர் குடும்பத்தைத் தம் ஊரிலே விட்டுவந்த ஆடவர். மூடை சுமப்போர், தோணி வலிப்போர், றிக்ஷா இழுப்போர் எனப் பலதிறப்பட்ட அவர்கள், ஓர் அறையிற் பலராக ஒதுங்கி உறங்கியவர்கள். சமைப்பதற்கு அவர்களுக்கு இடமுமில்லை, நேரமுமில்லை.

இவர்களோடு யாத்திரிகரையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். சுமாத்திராவின் வடபகுதியிலிருந்தும் மலாய் நாட்டிலிருந்தும் மக்காவுக்குச் செல்வோர் பினாங்கிலேயே கப்பலேறினர். 1808இல் எழுந்த அச்சே வீதிப் பள்ளிவாசலைச் சூழ்ந்த பகுதியில் அவர்கள் கப்பலுக்காகக் காத்திருந்தனர். அவர்களுக்கும் நாள்தோறும் உணவு வேண்டியிருந்தது.

ஆகவே, பினாங்கின் தெருவோர உணவு தொடக்கத்திலிருந்தே வழிப்போக்கருக்கான உணவாகும். அதனை ஆக்கி விற்றோரும் பெரும்பாலும் வழிப்போக்கரே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. கடை வைக்க முதலில்லாத புதுக்குடியேறி ஓர் அடுப்போடும் சட்டியோடும் தெருவில் இறங்கித் தன் ஊர்ச் சுவையை விற்றான். உண்டவனும் விற்றவனும் ஒரே பொருளாதார நிலையின் இரு பக்கங்களாயினர்.

காவுதடியிலிருந்து கடைக்கு

இதற்குத் தலைசிறந்த சான்று 'நாசி கண்டார்' எனும் உணவாகும். மலாய் மொழியில் 'நாசி' என்பது சோறு; 'கண்டார்' என்பது தோளிலிட்ட தடியின் இரு புறமும் பாரந் தொங்கவிட்டுச் சுமத்தல். நம் நாட்டுப் பேச்சு வழக்கிலே சுமத்தலைக் 'காவுதல்' என்கிறோமன்றோ? அவ்வாறு காவப்பட்ட சோறே இது. தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு புறம் சோற்றையும் மறுபுறம் கறிகளையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளரிடம் கொண்டுசென்று விற்றனர். மீன், ஆட்டிறைச்சி, கோழி, கணவாய், வெண்டிக்காய் எனப் பல கறிகளின் குழம்புகளையும் ஒன்றாகச் சோற்றின்மீது ஊற்றுவதே இதன் தனித்தன்மை. இவ்வாறு தாராளமாக ஊற்றுதலை 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், எனக் கூறுவர். சுமையைத் தெருவில் இறக்கி வைத்து, நின்ற நிலையிற் பலருக்கு விரைந்து பரிமாற வேண்டியிருந்த தொழிலுக்கு இம்முறை ஏற்றதாக இருந்தது. தடி மறைந்து கடை வந்த பின்னரும் பெயர் மாறவில்லை.

சொற்கள் பிறவற்றிலும் இவ்வரலாறு பதிந்துள்ளது. தமிழ் முஸ்லிம்களின் உணவுக்கடைகளைக் குறிக்கும் 'மாமாக்' என்ற சொல், வாடிக்கையாளர் கடைக்காரரை 'மாமா' என அழைத்த வழக்கிலிருந்து வந்ததெனப் பொதுவாகக் கொள்வர். 'அப்போம்' என்பது நமது அப்பமே. 'புத்து மாயம்' எனப்படுவதோ நமது இடியப்பம். யாழ்ப்பாணத்தார் சொதியோடும் சம்பலோடும் உண்ணும் அப்பண்டம், அங்கே தேங்காய்ப் பூவும் பழுப்புச் சீனியும் சேர்ந்த சிற்றுண்டியாக விற்கப்படுகின்றது.

கலப்பும் வரம்பும்

உணவுகள் கலந்தன என்பதனால் இன, மத வரம்புகள் அழிந்துவிட்டன என முடிவு செய்தல் தவறாகும். சீனர் ஆக்கும் 'சார் குவே தியாவ்' அரிசி மாவிலான தட்டை இழைகளை இறால், மட்டி, முட்டை, முளைப்பயறு முதலியவற்றுடன் கடுந்தீயில் வறுப்பதாகும். அதற்கு மணமூட்டுவது பன்றிக் கொழுப்பு. முஸ்லிம்கள் அதனை உண்ணார். ஆனால் அம்முறையைத் தழுவி, அக்கொழுப்பின்றித் தமக்கென ஆக்கிக்கொண்டனர். சீனரின் கோதுமை இழையைத் தமிழ் முஸ்லிம்கள் எடுத்து, உருளைக்கிழங்கும் மிளகாய்க் குழம்பும் சேர்த்து 'மீ கோரெங்' எனத் தமதாக்கினர். 'அசாம் லக்சா'வில் மலாயரின் புளிமீன் குழம்பும் சீனரின் அரிசி இழையும் ஒரே கோப்பையிற் சந்திக்கின்றன. அதன் புளிப்புக்குப் புளியோடு சேர்க்கப்படும் காய், நமது கொறுக்காப்புளியின் இனத்தைச் சேர்ந்தது.

மேற்காட்டியவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். ஒருவர் மற்றவரின் கலத்தில் உண்ண இயலாத நிலையே அவரின் செய்முறையைத் தம் கலத்துக்குக் கொண்டுவரத் தூண்டியது. விலக்குகள் கலப்பைத் தடுத்தன அல்ல. அதற்கு வடிவங் கொடுத்தன. இனங்களின் ஒற்றுமையைப் பற்றிய மேடைப் பேச்சுகளைவிட இது நமக்குப் பயன்தரும் பாடமாகும். ஒருவர் வரம்பை ஒருவர் மதித்து, அதற்கப்பால் எதனைப் பெறலாம் என நாடிய எளிய மக்களின் விவேகம் இதிற் புலப்படுகின்றது.

இன்றைய சிக்கல்

இம்மரபு இன்று இரு முனைகளில் நெருக்கடிக்கு உள்ளாகியுள்ளது. முதலாவது இடம் பற்றியது. ஜோர்ஜ் ரவுணின் பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000ஆம் ஆண்டுடன் நீங்கிற்று. வாடகை உயர்ந்தது, நெடுங்காலம் வாழ்ந்த குடியிருப்பாளரும் சிறு வணிகரும் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தபின் உல்லாசப் பயணத்துறை வளர்ந்து, இடத்தின் மதிப்பு மேலும் ஏறிற்று. உணவைப் புகழும் பயணியின் வருகையே அவ்வுணவை ஆக்குபவனின் அடுப்புக்கு இடமில்லாமற் செய்யக்கூடும் என்பது கவலைக்குரியது.

இரண்டாவது, சமைப்பவர் பற்றியது. பிள்ளைகள் கல்வி கற்று வேறு தொழிலை நாடுகையில், அடுப்பருகே அயல்நாட்டுத் தொழிலாளர் வந்து நின்றனர். இதனால் மரபுச்சுவை கெடுமென அஞ்சிய பினாங்கு மாநில அரசு, குறித்த சில உணவுகளுக்கு அயல்நாட்டவர் தலைமைச் சமையலாளராக இருத்தலாகாது என 2014இல் அறிவித்து, 2016 முதல் அதனை நடைமுறைப்படுத்திற்று. கைத்திறன் அழியாது காத்தல் வேண்டும் என்ற நோக்கம் குறைகூறத் தக்கதன்று. எனினும், வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வுணவுகளை உருவாக்கியவர்களே அக்காலத்தின் அயல்நாட்டவர் என்பதை நாம் மறத்தலாகாது. இத்தகைய விதியொன்று நூறாண்டுக்கு முன்னர் இருந்திருப்பின், காவுதடியோடு கரையிறங்கிய தமிழன் சோறு விற்றிருக்க இயலாது. இன்று காக்கப்பட வேண்டிய மரபும் தோன்றியிராது.

2024இல் யுனெஸ்கோ மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டினை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயின் பட்டியலில் இடம்பெறுவதால் மட்டும் ஒரு மரபு வாழ்ந்துவிடாது. தாங்கக்கூடிய வாடகை, உழைப்புக்கேற்ற ஊதியம், கற்க விரும்பும் எவரையும் மாணாக்கனாக ஏற்கும் மனநிலை ஆகிய மூன்றுமே இதனை வாழ்விப்பன என்பது எமது கருத்தாகும்.

தமிழ் ஆய்வாளருக்கும் இங்கு ஒரு கடமையுண்டு. கடல் கடந்த தமிழரின் வரலாற்றை எழுதுகையில் நாம் கல்வெட்டுகளையும் கோயில்களையும் பெரு வணிகர்களையும் தேடுகின்றோம். தோளிலே தடியைச் சுமந்து தெருத்தெருவாய்ச் சென்றவன் கல்வெட்டு எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவன் விட்டுச் சென்றது ஓர் உணவையும் சில சொற்களையுமே. அவற்றையும் சான்றாகக் கொண்டு எழுதப்படும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.