ருப்அல் காலியில் டிரெய்லர்: கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போவது புதிதல்ல. தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறலாம். ஆனால் போய்ச் சேர்ந்தபின் ஓட்ட வேண்டிய சாலை எப்படிப்பட்டது என்பதைப் பெரும்பாலான ஏஜென்டுகள் வாயைத் திறந்து சொல்வதில்லை.

சவூதியின் தென்கிழக்கில் பரந்து கிடக்கும் பாலைவனத்துக்கு ருப்அல் காலி என்று பெயர். 'வெறுமையான கால்பகுதி' என்று பொருள். வீடு காலி, பை காலி என்று நாம் தினமும் சொல்லும் 'காலி' இந்த அரபுச் சொல்தான். ஓமன், அமீரகம், எமன் வரை நீளும் இதன் பரப்பு சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு.

இதன் ஓரமாக ஹரத் என்ற ஊரிலிருந்து அமீரக எல்லையான பத்ஹா நோக்கிப் போகும் 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் 240 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. உலகின் மிக நீளமான நேர்சாலை என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. தாம்பரத்தில் ஜிஎஸ்டி சாலை ஏறி ஏறத்தாழ பெரம்பலூர் போய்ச் சேரும் தூரம் அது. நமக்கு வழியில் பரனூர் டோல், டீக்கடை, பேருந்து நிறுத்தம் என்று கண்ணுக்கு ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அங்கே ஸ்டியரிங்கை அசைக்கவே வேலையில்லை. கண் திறந்திருக்கும்போதே மூளை தூங்கிவிடும் என்பதுதான் அந்தச் சாலையின் ஆபத்து. இரவில் ஒட்டகம் குறுக்கே வந்தால் நிலைமை இன்னும் மோசம். கால்கள் உயரமானவை என்பதால் மோதியதும் அதன் உடல் கண்ணாடி மேல் வந்து விழும்.

2021 டிசம்பரில் சவூதிக்கும் ஓமனுக்கும் இடையே இந்தப் பாலைவனத்தின் ஊடாகவே நேர்சாலை திறக்கப்பட்டது. அதுவரை அமீரகம் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. பயணம் குறைந்தது, தனிமை கூடியது.

டயர் விஷயத்தில் ஒரு தவறான பழக்கம் உண்டு. ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் கூடுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், டயர் தளர்ந்து அதிகம் மடங்கும், மேலும் சூடேறி வெடிக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். அதேபோல் ஓய்வெடுக்க வண்டியைச் சாலையை விட்டு இறக்கவே கூடாது. சப்கா எனப்படும் உப்புத்தரை மேலே காய்ந்து சிமெண்ட் போல் தெரியும், அடியில் சேறு. லோடு வண்டி இறங்கினால் அச்சுவரை புதைந்துவிடும்.

வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருபவர்களின் கண்ணில் மனிதனை விட வண்டிதான் முதலில் படும், நிழலும் அது ஒன்றுதான். ஆனால் தண்ணீர் இல்லாமல் நிழல் மட்டும் காப்பாற்றாது. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் சூடான் நாட்டுச் சக ஊழியரும் ஜிபிஎஸ் செயலிழந்து இங்கே வழி தவறினர். எரிபொருள் தீர்ந்தது, செல்போனும் அணைந்தது. சில நாள் கழித்து வண்டியின் அருகிலேயே அவர்களுடைய ஜனாஸாக்கள் கிடைத்தன.

இருக்கும் தண்ணீர் குடிக்கத் தேவை என்றால் உளூவுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை, தயம்மும் போதும். நான்கு ரக்அத்களை இரண்டாகச் சுருக்குவதில் எல்லா மத்ஹபும் ஒன்றுபடுகின்றன. சேர்த்துத் தொழுவதில் மட்டும் ஹனஃபிகள் மாறுபடுவர். பயணி நோன்பை விட்டுப் பிறகு நோற்கக் குர்ஆனே (2:185) அனுமதிக்கிறது. மே மாத வெயிலில் முப்பது டன்னோடு போகும் சகோதரர் இந்தச் சலுகைகளை எடுத்துக்கொள்ள வெட்கப்படத் தேவையில்லை.

காகித விஷயம் இதைவிட முக்கியம் என்பேன். விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் போய் டிரெய்லர் ஓட்டினால், சிக்கல் வரும்போது சவூதியின் பொதுத் தொழிலாளர் சட்டம் உங்களுக்குத் துணை வராது. வீட்டுப் பணியாளர் விதிகள் தனி. அங்கே விபத்தில் ஒருவர் இறந்தால் தியத் தொகை 3 லட்சம் ரியால். வண்டிக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனம் கொடுக்கும். இல்லையென்றால் டிரைவர் சிறையில் இருக்க, ஊரில் வசூல் நடக்கும். எனவே இன்சூரன்ஸ் தாளைப் பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் இசிஆர் வகையில் வரும். அவர்கள் இ-மைக்ரேட் அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். அதோடு சேர்ந்தது பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம். ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் இந்த 375 ரூபாயைக் கேட்டு வாங்குவதில்லை! கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் விசாரித்துவிட்டு வரலாம்.

ஒப்பந்தம், விசா, பாலிசி மூன்றின் நகலையும் வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே ஏதேனும் நேர்ந்தால் இங்கிருந்து மனுவைத் தூக்கிக்கொண்டு அலையப் போவது மனைவியோ வாப்பாவோதான்.