ரப்பர் சட்டைக்குள் ஒரு ஹைட்ரஜன் குண்டு

காட்ஸில்லா என்றாலே எங்கள் ஆபீஸில் சிரிக்கிறார்கள். "ரப்பர் உறை மாட்டிக்கிட்டு ஒரு ஆள் பொம்மை வீடுகளை மிதிக்கிறான். இதுக்குப் போய் பயமா?" என்கிறார் அக்கவுன்ட்ஸ்காரர். வாஸ்தவம்தான். உள்ளே இருந்தவர் ஹாருவோ நகாஜிமா என்கிற நடிகர். உடையின் எடை சுமார் 100 கிலோ. ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் அதைச் சுமந்து நடந்த மனுஷன் பாவம், பேயைவிட அவர்தான் அதிகம் அவஸ்தைப்பட்டிருப்பார்!

ஆனால், 1954 நவம்பரில் இதே படத்தைப் பார்த்த ஜப்பானியர்களில் பலர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்களும் உண்டு என்கிறார்கள். ஏன்?

அதே வருஷம் மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி என்ற தீவுத்திட்டு. (உடனே நீச்சலுடைக்குத் தாவாதீர்கள். 1946-ல் அங்கே நடந்த அணுகுண்டுச் சோதனைக்குச் சில நாட்கள் கழித்து, பாரீஸில் ஒரு புண்ணியவான் அந்தப் பெயரை உடைக்கு வைத்தார்.) அமெரிக்கா அங்கே ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. எதிர்பார்த்தது 6 மெகாடன். வெடித்ததோ 15. ஹிரோஷிமாவைப்போல சுமார் ஆயிரம் மடங்கு!

எச்சரிக்கை எல்லைக்கு வெளியே, தானுண்டு தன் வலையுண்டு என்று ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு. பெயர் 'அதிர்ஷ்ட டிராகன்'. அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்! அதிலிருந்த 23 பேரும் சூரியன் மேற்கே உதித்ததுபோல ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் வானத்திலிருந்து வெள்ளையாகச் சாம்பல் கொட்டியது. பொடிப்பொடியான பவளப்பாறை, கதிர்வீச்சோடு. கரைக்கு வருவதற்குள் உடம்பில் கொப்புளம், முடி கொட்டல். ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பரில் இறந்துபோனார். டன் டன்னாகச் சூரை மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காத தேசம் அது.

இப்போது படத்தின் முதல் காட்சி. நடுக்கடலில் ஒரு கப்பல். மேல்தளத்தில் பையன்கள் கிட்டார் வாசிக்கிறார்கள். திடீரென்று கடலில் ஒரு ஒளி, கப்பல் தீப்பிடிக்கிறது, ரேடியோக்காரர் தவிக்கிறார். எட்டு மாசத்துக்கு முந்தைய பேப்பர் செய்தியை எவன் மறந்திருப்பான்?

அமெரிக்க ராணுவம் ஜப்பானை ஆண்ட காலத்தில் அணுகுண்டுச் சேதத்தைப் பற்றி எழுத முடியாதபடி கெடுபிடித் தணிக்கை இருந்தது. பேச முடியாததெல்லாம் அந்த மிருகத்தின் வாய் வழியாக வந்தது என்பது என் கட்சி. டைரக்டர் இஷிரோ ஹோண்டா போர் முடிந்து சிப்பாயாக ஊர் திரும்பும்போது ஹிரோஷிமா வழியாக வந்தவர். படத்தில் எரியும் டோக்கியோவை அவர் கற்பனை செய்யவே வேண்டியதில்லை. 1945 மார்ச்சில் ஒரே ராத்திரியில் குண்டு வீச்சில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்த ஊர்தானே!

அமெரிக்காவுக்கும் அணு பயம் இருந்தது. அதே 1954-ல் 'தெம்!' என்று ஒரு படம். அணுகுண்டுச் சோதனையால் எறும்பெல்லாம் லாரி சைஸுக்கு வளர்ந்துவிடும். ராணுவம் வந்து கொளுத்தும், சுபம். குண்டைப் போட்டவன் பயமும் வாங்கியவன் பயமும் ஒன்றாகுமா?

1956-ல் காட்ஸில்லாவை அமெரிக்காவில் வெளியிட்டபோது ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக நுழைத்து, கத்தரியையும் எடுத்தார்கள். நாகசாகியில் தப்பிப் பிழைத்ததை ரயிலில் ஒரு பெண் சொல்கிற காட்சி போயிற்று. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு மிருகம் வரும் என்று கிழவர் முணுமுணுக்கும் முடிவும் போயிற்று. மிச்சம் இருந்தது ரப்பர் பல்லி. அப்புறம் உலகம் சிரிக்காமல் என்ன செய்யும்?

2011-ல் சுனாமியும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும். 2016-ல் 'ஷின் காட்ஸில்லா'. இதில் மிருகம் ஊருக்குள் வந்துகொண்டே இருக்கும், மந்திரிகள் ஒரு மீட்டிங் ரூமிலிருந்து இன்னொரு மீட்டிங் ரூமுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஃபைல், கையெழுத்து, 'இது எந்த இலாகா?'. ஆபீஸ் போகிற எனக்கு இதுதான் வயிற்றைக் கலக்கியது. கடைசியில் அதைக் கொல்ல முடியாமல் உறைய வைத்து, நடு டோக்கியோவில் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள்.

ஃபுகுஷிமாவில் உருகிப்போன எரிபொருளை 2024-ல்தான் முதல் தடவையாக வெளியே எடுத்தார்கள். எடுத்தது ஒரு கிராமுக்கும் குறைவு. உள்ளே இருப்பது சுமார் 880 டன்.